சான்டா மோனிகாவின் கிணறுகளும் பெட்ரோல் தொட்டிகளும்

வரலாறு என்றதும் கோட்டைகளையும் கொடிவழிகளையும் நினைப்பதே நம் வழக்கம். ஆனால், சாலைமுனையில் மூடிக்கிடக்கும் ஒரு பழைய பெட்ரோல் நிலையத்துக்கும் வரலாறு உண்டு. அது தரைக்குக் கீழே மண்ணிலும் நிலத்தடி நீரிலும் பதிந்து கிடக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலக் கடற்கரை நகரமான சான்டா மோனிகா, அந்த வரலாற்றைப் பெரும் விலை கொடுத்துப் படித்தது. அதனைச் சுருக்கமாகக் காண்போம்.

மோட்டார் வாகனங்கள் பெருகிய காலத்தில் பெட்ரோல் தொட்டிகளைத் தரைக்கடியில் புதைத்ததற்கு முதன்மைக் காரணம் தீவிபத்து அச்சம். புதைக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை பாதுகாப்புப் பூச்சில்லாத எஃகுத் தொட்டிகள். ஈர மண்ணில் எஃகு துருப்பிடிக்கும், ஊசித்துளை விழும். நாளொன்றுக்குச் சில குவளை பெட்ரோல் கசிந்தால் கணக்கேட்டில்கூடத் தெரியாது. 1984இல்தான் அமெரிக்க நாடாளுமன்றம் இத்தொட்டிகளைச் சட்டத்தின் கீழ்க் கொணர்ந்தது. கேலன் ஒன்றுக்கு ஒரு சென்ட்டில் பத்திலொரு பங்கு வரி விதித்து, 1986இல் தூய்மைப்பணிக்கென ஒரு நிதியையும் அமைத்தது. 1988இல் வந்த விதிகள், 1998 டிசம்பர் 22ஆம் நாளுக்குள் பழைய தொட்டிகளை மேம்படுத்தவோ மாற்றவோ மூடவோ வேண்டுமென்றன. செலவைத் தாங்க இயலாத சிறு நிலையங்கள் பல மூடப்பட்டன. தோண்டிப் பார்த்தபோதுதான் கசிவின் அளவு விளங்கிற்று. இதுவரை உறுதிசெய்யப்பட்ட கசிவுகள் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகம். அவற்றுள் பெரும்பாலானவை தூய்மை செய்யப்பட்டுவிட்டன.

மூடிய நிலையமொன்றை ஆராயும் முறை, நாம் நன்கறிந்த அகழாய்வை ஒத்தது. முதலில் பழைய வரைபடங்களையும் உரிம ஆவணங்களையும் கொண்டு தொட்டியும் குழாயும் இருந்த இடத்தைக் கண்டறிவர். பின்னர்த் துளையிட்டு, அடுக்கடுக்காக மண் எடுத்துச் சோதிப்பர். நிலத்தடி நீர் செல்லும் திசையை அறியக் குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் தேவை. பானையோடு காலம் சொல்வதுபோல், இங்கே பெட்ரோலின் சேர்மங்கள் காலம் சொல்லும். ஈயம் மிகுந்திருந்தால் கசிவு பழையது. எம்.டி.பி.இ. என்னும் பொருள் இருந்தால், 1979க்குப் பிந்தைய பெட்ரோலும் கசிந்திருக்கிறது என்று பொருள்.

எம்.டி.பி.இ. என்பதன் முழுப்பெயர் மீத்தைல் டெர்ஷியரி பியூட்டைல் ஈத்தர். ஈயத்துக்கு மாற்றாகப் பெட்ரோலில் நுழைந்தது இது. 1990ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தம், புகை மிகுந்த நகரங்களின் பெட்ரோலில் ஆக்சிஜன் கொண்ட பொருள் கலக்கப்பட வேண்டுமென்றது. அதன்பின், அத்தகைய பெட்ரோலில் ஏறத்தாழப் பத்திலொரு பங்காக இப்பொருள் கலக்கப்பட்டது. காற்றைக் காக்க வந்த பொருள் அது.

1995இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் ஆறுதலான முடிவொன்றை வெளியிட்டது. 271 கசிவிடங்களை ஆராய்ந்ததில், பெட்ரோலிலுள்ள பென்சீன் நிலத்தடி நீரில் 250 அடிக்கு அப்பால் பரவுவது அரிது என்று தெரியவந்தது. மண்ணின் நுண்ணுயிர்களே அதனை உண்டு அழித்துவிடுகின்றன. ஆகவே, ஆபத்துக் குறைந்த இடங்களை இயற்கையின் பொறுப்பில் விடலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. பென்சீனைப் பொறுத்தவரை அது பிழையன்று. ஆனால் எம்.டி.பி.இ. நீரில் எளிதில் கரையும்; மண் துகளில் ஒட்டாது; நுண்ணுயிர்களுக்கும் எளிய இரையன்று. நீர் போகும் இடமெல்லாம் அதுவும் போகும்.

அதே 1995இல் சான்டா மோனிகாவின் சார்னாக் கிணற்றுத் தொகுதியில், வழக்கமான சோதனையின்போது இப்பொருள் தென்பட்டது. அடுத்த ஆண்டு, நூறு கோடிப் பங்கு நீரில் 600 பங்குக்கும் மேல் உயர்ந்தது. பின்னாளில் மாநிலம் வகுத்த உடல்நல வரம்பு 13 பங்கு மட்டுமே. சுவை, மணம் கருதிய வரம்போ 5 பங்கு. 1996 ஜூனில் சார்னாக் கிணறுகள் அனைத்தும் மூடப்பட்டன. ஆர்கேடியா தொகுதிக்கும் அதே கதி நேர்ந்தது. நகரம் தன் குடிநீரில் ஏறத்தாழப் பாதியை இழந்து, வெளியிலிருந்து விலைக்கு வாங்கியது.

மாசுற்ற மண்ணைத் தோண்டி அகற்றலாம். வெற்றிடக் குழாய்களால் ஆவியை உறிஞ்சலாம். நீரில் கலந்து பரவிய பின்னரோ அந்த நீரையே இறைத்து வடிகட்ட வேண்டும். நகரம் எண்ணெய் நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தது. 2003இல் பெரிய நிறுவனங்களோடு உடன்பாடு ஏற்பட்டது. செயலூட்டிய கரியின் வழியே நீரைச் செலுத்தித் தூய்மை செய்யும் ஏற்பாட்டுடன், 2011இல் சார்னாக் நீர் மீண்டும் நகருக்கு வந்தது. கலிஃபோர்னியாவில் எம்.டி.பி.இ. 2003ஆம் ஆண்டின் இறுதியோடு விலக்கப்பட்டது.

இக்கதையில் கொடியவர் என்று ஒருவரை மட்டும் சுட்டுதல் எளிதன்று. தீக்கு அஞ்சித் தொட்டியைப் புதைத்தவரும், புகைக்கு அஞ்சிப் புதுப்பொருளைக் கலக்கச் செய்தவரும் மக்கள் நலத்தையே நாடினர். தீயிலிருந்து மண்ணுக்கும், காற்றிலிருந்து நீருக்கும் துன்பம் இடம் மாறியதே தவிர ஒழியவில்லை. கரி வடிகட்டியும் மாசை நீரிலிருந்து தன்னுள் வாங்கிக்கொள்கிறதேயன்றி அழிப்பதில்லை. ஒன்றை நீக்கும் முன், அது அடுத்து எங்கே போகும் என்று கேட்பதே அறிவுடைமை. அக்கேள்வி கேட்கப்படாத காலத்துக்குச் சான்டா மோனிகா செலுத்திய வட்டி, பதினைந்து ஆண்டுகள்.