இனிப்புப் பொருள்களின் எடை – கொள்ளளவு மாற்றம்

இனிப்புச் செய்முறைகளில் கப், கரண்டி எனக் கொள்ளளவில் சொல்லப்படும் மாவு, சர்க்கரை, நெய் முதலியவற்றைக் கிராமுக்கும், கிராமில் உள்ளதைக் கப்புக்கும் மாற்றும் கணக்கு. எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் ஒரே எண் இதில் கிடையாது. பொருளின் அடர்த்தியும், பொடியாக இருந்தால் அதைக் கப்பில் நிரப்பிய விதமும் சேர்ந்தே எடையைத் தீர்மானிக்கின்றன.

முதலில் எந்தக் கப் என்று தெரிந்தாக வேண்டும். அமெரிக்கக் கப் சுமார் 237 மி.லி., ஆஸ்திரேலியக் கப் 250, ஜப்பானியக் கப் 200. தேக்கரண்டி பொதுவாக 5 மி.லி.தான். மேசைக்கரண்டி பல நாடுகளில் 15 மி.லி.யாக இருக்க, ஆஸ்திரேலியாவில் மட்டும் 20. ஜெலட்டின் சேர்க்கும் புட்டிங்கில் இந்த 5 மி.லி. வித்தியாசமே பதத்தை மாற்றிவிடும்.

ஒரு அமெரிக்கக் கப்பில் பால் ஏறத்தாழ 245 கிராம் நிற்கும். உருக்கிய நெய் 215, வெண்ணெய் 227, சர்க்கரை 200, தேன் 340, கோகோ தூள் 85 கிராம். திரவங்களுக்கும் சர்க்கரைக்கும் இந்த எண்களை நம்பலாம்.

மைதாவை அப்படி நம்ப முடியாது. கரண்டியால் லேசாக அள்ளிப் போட்டுத் தலைதட்டினால் ஒரு கப் 120 கிராமை ஒட்டி வரும். டப்பாவுக்குள் கப்பையே விட்டு அழுத்தி அள்ளினால் 150 வரை போகும். மூன்று கப் கேட்கும் கேக்கில் இது 90 கிராம் கூடுதல் மாவு. கேக் வறண்டு வெடிப்பதற்கு அது போதும். 'ஒரு கப் சலித்த மாவு' என்றால் சலித்த பிறகு அளக்க வேண்டும். 'ஒரு கப் மாவைச் சலித்து' என்றால் அளந்த பிறகு சலிக்க வேண்டும். இரண்டும் ஒரே எடை அல்ல. மாவைப் பொறுத்தவரை தராசுதான் சரி.

'முட்டை அளவு வெண்ணெய்' என்று எழுதிக்கொண்டிருந்த அமெரிக்கச் சமையல் நூல்களில் தலைதட்டி அளக்கும் முறையை நிலைநிறுத்தியவர் பாஸ்டன் சமையல் பள்ளியின் ஃபேனி ஃபார்மர். அவருடைய நூல் 1896இல் வெளிவந்தது. ஐரோப்பிய பேக்கரிகள் எடையை விடவில்லை. மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு என்பதால்தான் பவுண்டு கேக்குக்கு அந்தப் பெயர்.

தமிழ்நாட்டின் பழைய குறிப்புகளில் ஆழாக்கும் படியும் வரும். எட்டு ஆழாக்கு ஒரு படி. படியின் அளவு ஊருக்கு ஊர் மாறியதால் அவற்றை மில்லிலிட்டராக்கிப் பார்ப்பதைவிட விகிதமாக எடுத்துக்கொள்வதே நல்லது. மைசூர்பாகுக்குக் கடலைமாவு ஒரு பங்கு, சர்க்கரை இரண்டு, நெய் இரண்டு என்பது இத்தகைய விகிதம். மூன்றையும் ஒரே டம்ளரால் அளக்கும்வரை டம்ளர் சிறிதா பெரிதா என்பது பொருட்டல்ல. அதையே எடையிலும் 1:2:2 என்று வைத்துவிட்டால் பண்டம் கெட்டுவிடும். 250 மி.லி. கப்பில் கடலைமாவு 100 கிராம் அளவில்தான் நிற்கும். இரண்டு கப் சர்க்கரையோ 420, இரண்டு கப் நெய் 455 கிராம். எடையில் பார்த்தால் உண்மையான விகிதம் கிட்டத்தட்ட 1:4:4½. மாவு 200 கிராம் எடுத்தால் சர்க்கரை 840, நெய் 910 கிராம் வேண்டும்.

கட்டி வெல்லத்தைக் கப்பால் அளக்கவே கூடாது. துண்டுகளுக்கிடையே காற்று நிற்கும். அதையே பொடித்து அழுத்தினால் அதே கப்பில் நிறையக் கூடுதலாகப் பிடிக்கும். அதிரசப் பாகுக்கு வெல்லத்தை நிறுத்தே போட வேண்டும்.

வீட்டு டம்ளரின் கொள்ளளவை அறிய, காலி டம்ளரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால் போதும். தண்ணீர் ஒரு கிராம் ஒரு மி.லி. என்பதால், தராசு காட்டும் கிராமே டம்ளரின் மி.லி.