தாராவி மறுசீரமைப்பு: குடியிருப்போர் முறையிட உலக அமைப்பு உண்டா?

மும்பை கிங்ஸ் சர்க்கிள் ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள தாராவியில் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். அப்பகுதியை மறுசீரமைப்பதற்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய் குறிப்பிட்டு முதலிடம் பெற்றது. திட்ட நிறுவனத்தில் குழுமத்துக்கு 80 சதவீதமும் மகாராஷ்டிர அரசுக்கு 20 சதவீதமும் பங்கு உள்ளது.

மும்பையின் பிற குடிசைப் பகுதிகளைத் தனியார் கட்டுநர்கள் மறுசீரமைக்க, குடியிருப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் சம்மதிக்க வேண்டும். தாராவிக்கு அந்நிபந்தனை இல்லை. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்போருக்கு அங்கேயே 350 சதுர அடியில் இலவச வீடு கிடைக்கும். பின்னர் குடியேறியோருக்கும் மேல்தளவாசிகளுக்கும் தாராவிக்கு வெளியேதான் இடம்.

வணிகமும் மனித உரிமைகளும் குறித்த ஐ.நா. வழிகாட்டு நெறிமுறைகளை மனித உரிமைகள் பேரவை 2011 ஜூனில் ஏற்றது. பேராசிரியர் ஜான் ரகி வகுத்த இந்நெறிகளின்படி, பாதிக்கப்படக்கூடியவர்களுடன் நிறுவனங்கள் பொருளுள்ள கலந்தாலோசனை நடத்த வேண்டும். ஆனால் இவை சட்டமல்ல. மீறினால் விசாரிக்கும் மன்றமும் இல்லை. கலந்தாலோசனை என்பது ஒப்புதலுக்கு ஈடாகாது என்பதும் கவனிக்கத்தக்கது.

முறையீட்டுக்குப் பலன் கிடைத்த நிகழ்வு மும்பையிலேயே உண்டு. உலக வங்கிக் கடனுடன் 2002-ல் தொடங்கிய நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்துக்காகச் சுமார் 1.2 லட்சம் பேர் இடம்பெயர வேண்டியிருந்தது. கடையின் அளவு எதுவாயினும் மாற்றாக 225 சதுர அடி மட்டுமே என்ற ஏற்பாட்டை எதிர்த்த குர்லா வணிகர்கள், 2004-ல் வங்கியின் ஆய்வுக் குழுவை அணுகினர். மேலும் சில குடியிருப்புகளும் முறையிட்டன. மறுகுடியமர்த்தலில் வங்கி தன் சொந்த விதிகளையே பின்பற்றவில்லை எனக் குழு 2005 டிசம்பரில் அறிக்கை அளித்தது. 2006 மார்ச்சில் சாலை, மறுகுடியமர்த்தல் பணிகளுக்கான நிதி நிறுத்தப்பட்டது; நிபந்தனைகள் பூர்த்தியானதும் அதே ஆண்டு ஜூனில் மீண்டும் விடுவிக்கப்பட்டது.

அவ்வணிகர்களுக்கு அந்த வாய்ப்பைத் தந்தது வங்கியின் கடன்தான். உலக வங்கி நிதி இல்லாத திட்டம் எதுவும் அக்குழுவின் வரம்புக்குள் வராது. தனியார் குழுமமும் மாநில அரசும் நடத்தும் தாராவித் திட்டத்தில் குடியிருப்போருக்கு எஞ்சியிருப்பவை உள்நாட்டு நீதிமன்றங்களும் தேர்தலுமே.

இவ்விடைவெளியை நிரப்பச் சட்டப்பிணைப்புள்ள உடன்படிக்கை ஒன்றை உருவாக்கும் தீர்மானம் 2014 ஜூனில் மனித உரிமைகள் பேரவையில் நிறைவேறியது. ஆதரவு 20, எதிர்ப்பு 14. 13 நாடுகள் வாக்களிக்கவில்லை. இந்தியா ஆதரித்தது, அமெரிக்காவும் பேரவையிலிருந்த ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் எதிர்த்தன. பத்தாண்டுகளுக்கு மேல் ஜெனீவாவில் அமர்வுகள் நடந்தும் உடன்படிக்கை இன்னும் வரைவு நிலையைத் தாண்டவில்லை.