கொன்ஸ்டன்ஸ் அப்பிள்பீ: மட்டையால் எழுதிய மறுமொழி

எமது கல்லூரியின் வலைப்பந்து, மெய்வல்லுநர் வெற்றிகளை எழுத என்னைவிடத் தகுதியான அக்காமார் பலர் இருக்கிறார்கள். நான் கடல் கடந்த வேறொரு மகளிர் கல்லூரியின் ஹொக்கிப் பயிற்றுநரைப் பற்றி எழுத எண்ணினேன். அவருடைய கதை ஒரு வைத்தியர் செய்த பிழையிலிருந்து தொடங்குவதால், வைத்தியத்துறையில் இருக்கும் எனக்கு அது சற்றுக் கூடுதலாகவே உறைக்கிறது.

1873இல் எட்வர்ட் கிளார்க் என்ற அமெரிக்க வைத்தியர் பெண் கல்வி பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். அவர் ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். பருவமடைந்த பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளைப் போலப் படித்தால் உடலின் சக்தி மூளைக்குப் போய்விடும், கருப்பை பழுதடையும் என்பது அவர் வாதம். ஆதாரம் என்று அவர் காட்டியது ஒரு சில நோயாளிகளின் கதைகளைத்தான். ஆனாலும் நூல் பல பதிப்புகள் கண்டது. பின்னாளில் பிறின் மோர் மகளிர் கல்லூரியின் தலைவியான கேரி தோமஸ், சிறு வயதில் அந்நூல் தன்னை எவ்வளவு அச்சுறுத்தியது என்பதை நினைவுகூர்ந்திருக்கிறார்.

மேரி புட்னம் ஜக்கோபி என்ற பெண் வைத்தியர் இதற்கு முறையான மறுமொழி சொன்னார். 268 பெண்களிடமிருந்து விவரம் திரட்டி, நாடித்துடிப்பையும் தசை வலிமையையும் அளந்து, மாதவிடாய் நாட்களில் ஓய்வு கட்டாயமில்லை என்று காட்டினார். அந்தக் கட்டுரைக்கு 1876இல் பரிசு வழங்கியதும் அதே ஹாவார்ட்தான். ஆனால் அதே மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ள 1945 வரை காத்திருந்தது!

எண்கள் வைத்தியர்களுக்குப் போதும். தாய்தகப்பன்மாருக்குக் கண்ணால் பார்க்க வேண்டும். அதைச் செய்து காட்டியவர், கிளார்க்கின் நூல் வெளிவந்த அதே 1873இல் இங்கிலாந்தின் எசெக்ஸில் பிறந்த கொன்ஸ்டன்ஸ் அப்பிள்பீ.

1901 கோடையில் அவர் ஹாவார்டில் உடற்கல்விப் பயிற்சி வகுப்பொன்றில் சேர வந்தார். வகுப்பில் பெண்களுக்கான உடற்பயிற்சி பற்றிப் பேச்சு வந்தபோது, சங்கீதக் கதிரை போன்றவற்றையும் சிலர் சேர்த்துச் சொன்னார்களாம். அவை விருந்து வீட்டு விளையாட்டுகள், இங்கிலாந்துப் பெண்கள் ஹொக்கி விளையாடுகிறார்கள் என்று இவர் சொல்ல, செய்து காட்டும்படி கேட்டிருக்கிறார்கள். கிடைத்த மட்டைகளை வைத்துக்கொண்டு, உடற்பயிற்சிக்கூடத்தின் பின்னாலிருந்த முற்றத்தில் ஆடிக் காட்டினார். அதைக் கண்ட வாசார் கல்லூரி உடற்கல்வி ஆசிரியை ஹரியட் பலன்டைன் உடனே அவரைத் தம் கல்லூரிக்கு அழைத்தார். தொடர்ந்து ஸ்மித், வெல்ஸ்லி, மவுண்ட் ஹோலியோக், பிறின் மோர் என்று அவர் கல்லூரி கல்லூரியாகப் போய்க் கற்பித்தார்.

ஹொக்கி விளையாடியவர்களுக்குத் தெரியும், அது மென்மையான விளையாட்டல்ல. மட்டையின் தட்டையான ஒரு பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம். குனிந்தபடி ஓட வேண்டும். ஓடும்போதே யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்க வேண்டும். அன்றைய பெண்கள் இதையெல்லாம் கணுக்காலை எட்டும் பாவாடையோடு செய்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

1904இல் பிறின் மோர் அவரைத் தன்னோடு வைத்துக்கொண்டது. ஏறக்குறைய கால் நூற்றாண்டு அங்கே பணியாற்றினார். மைதான ஓரத்தில் நின்று அவர் போடும் சத்தம் பெயர்போனது. மாணவிகள் பயந்தார்கள், ஆனால் ‘அப்பிள்’ என்று செல்லப்பெயரும் வைத்தார்கள். (நம் கல்லூரியில் யார் யாருக்கு என்னென்ன பெயர் இருந்தது என்பதை இங்கே எழுதினால் மலர்க்குழு வெட்டிவிடும்.) வெளிக் கல்லூரிகளை வெல்வதைவிட வகுப்புக்கு வகுப்பு மோதும் போட்டிகளே அங்கு பெரிதாக இருந்தன, எங்கள் இல்லப் போட்டிகளைப் போல. அதனால் கெட்டிக்காரிகள் பதினொரு பேர் மட்டுமல்ல, சுமாராக ஓடுகிறவளும் மட்டை பிடித்தாள். ஒரு பயிற்றுநரை நான் அளப்பது இதைக்கொண்டுதான்.

ஒன்றை மறைக்கக்கூடாது. கேரி தோமஸின் காலத்துப் பிறின் மோர் கறுப்பினப் பெண்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. அங்கிருந்து முதல் கறுப்பின மாணவி பட்டம் பெற்று வெளியேறியது 1931இல்தான். அப்பிள்பீயின் மைதானத்தில் ஓடியவர்கள் பெரும்பாலும் வசதியான வெள்ளையினக் குடும்பத்துப் பிள்ளைகளே.

1922இல் அமெரிக்க மகளிர் ஹொக்கிச் சங்கம் உருவானது. அதே காலப்பகுதியில் பென்சில்வேனியாவின் போகோனோ மலைப்பகுதியில் அவர் ஹொக்கி முகாமைத் தொடங்கினார். பெண்களின் விளையாட்டுக்கென்று ஒரு சஞ்சிகையும் நடத்தினார். கல்லூரிப் பதவியை விட்ட பிறகும் முகாமை விடவில்லை. தொண்ணூறு வயது தாண்டியும் பயிற்றுவித்தார். முகாமில் பழகிய பலர் தாமும் உடற்கல்வி ஆசிரியைகளாகித் தங்கள் பாடசாலைகளுக்கு அந்த விளையாட்டைக் கொண்டுபோனார்கள்.

கிளார்க் மறைந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இருந்தும், மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், இனி ஓடியாடக் கூடாதென்று ஒரு கடிதம் தாருங்கள் டொக்டர் என்று கேட்கும் அம்மாமாரை நான் இன்றும் சந்திக்கிறேன். உயர்தரப் பரீட்சையும் ரியூசனும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இரத்தச்சோகை இருக்கிறதா என்று பரிசோதிப்பேன், வலி இருந்தால் மருந்து எழுதுவேன். காரணமில்லாமல் கடிதம் மட்டும் கொடுப்பதில்லை.

ஒலிம்பிக்கில் ஆண்கள் ஹொக்கி 1908இலேயே இடம்பெற்றுவிட்டது. பெண்களுக்கு அந்த இடம் 1980 மொஸ்கோவில்தான் கிடைத்தது. தங்கம் வென்றது சிம்பாப்வே. அமெரிக்கா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அப்பிள்பீ விதைத்த நாட்டின் பெண்கள் அங்கே ஆடவில்லை. அடுத்த ஜனவரியில், 1981இல், இங்கிலாந்தில் தமது 107ஆவது வயதில் அவர் காலமானார். அமெரிக்கப் பெண்கள் 1984 லொஸ் ஏஞ்சலிஸில் வெண்கலம் பெற்றார்கள்.