காணா நுண்மையைக் கற்பித்த வரலாறு



கண்ணுக்குப் புலனாகாத ஒரு பொருளை மாணாக்கர்க்குக் கற்பிப்பது எங்ஙனம்? இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியருக்குச் சொல் துணைநிற்கிறது. புவியியல் கற்பிப்பவருக்குப் படம் துணைநிற்கிறது. அணுவும் மூலக்கூறும் உலவுகின்ற நுண்ணுலகத்தைக் கற்பிப்பவருக்கு எது துணை? இவ்வினாவைத்தான் இன்றைய பேச்சின் பொருளாக எடுத்துக்கொண்டேன். யான் கலைத்துறையிற் பட்டம் பெற்றவன். ஆய்வுகூடத்தில் அல்ல, வரலாற்று நூல்களிலேயே இதற்கு விடை தேடினேன்.

இன்று உலகின் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நனோ விஞ்ஞானம், நனோ பொறியியல் என்னும் பெயர்களால் ஒரு துறை பட்டப்படிப்பு மாணவர்க்குக் கற்பிக்கப்படுகின்றது. நனோ என்பது குள்ளன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. ஒரு மில்லிமீற்றரைப் 10 இலட்சம் கூறுகளாக்கினால் அவற்றுள் ஒரு கூறே நனோமீற்றர். ஏறத்தாழ 1 முதல் 100 வரையான நனோமீற்றர் அளவுடைய பொருள்களே இத்துறையின் ஆட்சிக்கு உட்பட்டவை. இவற்றைக் காட்டும் கருவிகளின் விலையோ மிகப் பெரிது. ஆதலால், செல்வம் மிக்க நாடுகளுக்கன்றி ஏனையோருக்கு இக்கல்வி எட்டுமோ என ஐயுறுவோர் உளர். அவ்வையம் முற்றும் பொருந்துவதன்று என்பதையே வரலாறு காட்டுகின்றது.

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் இங்கிலாந்தில் வாழ்ந்த காலத்தில், இலண்டனை அடுத்த கிளப்பம் என்னுமிடத்துக் குளமொன்றில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றினார். காற்றினால் அலையெழுந்து கொண்டிருந்த நீர், ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்புக்குக் கண்ணாடிபோல் அமைதியுற்றது. அவர் இதனை விவரித்து எழுதிய கடிதம் 1774 ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் அச்சேறியது. தேக்கரண்டி எண்ணெயின் கனவளவை அரை ஏக்கர்ப் பரப்பினால் வகுத்துப் பாருங்கள். அப்படலத்தின் தடிப்பு இரண்டு நனோமீற்றரை ஒட்டி வரும். ஆனால் அந்த வகுத்தலைப் பிராங்கிளின் செய்யவில்லை. விடை அவர் கண்ணெதிரே குளத்தில் மிதந்தது. வினாவை எழுப்புவார்தாம் அன்று இலர்.

வினாவை எழுப்பியவருள் ஒருவர் ஆங்கிலப் பௌதிகவியலாளர் றேலி பிரபு. தூய நீரின்மேல் கற்பூரத் துணுக்குகளை இட்டால் அவை தாமாகவே சுழன்று ஓடும். நீர்ப்பரப்பில் எண்ணெய் சிறிது படர்ந்துவிட்டால் அவ்வாட்டம் நின்றுபோகும். ஆட்டத்தை நிறுத்துவதற்கு எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்பதை 1890 ஆம் ஆண்டு அவர் அளந்தார். 84 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பாத்திரத்திற்கு ஒரு மில்லிகிராமிலும் குறைந்த ஒலிவெண்ணெய் போதுமானதாயிற்று. கணக்கிட்டபோது படலத்தின் தடிப்பு 1.6 நனோமீற்றர் எனத் தெரிந்தது. மூலக்கூற்றின் பருமன் எத்தகையது என்பதற்கு ஒரு பாத்திரம் நீரும் ஒரு தராசும் விடை அளித்துவிட்டன.

அடுத்த ஆண்டு, அதாவது 1891 இல், றேலி பிரபுவுக்கு ஜேர்மனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பிறவுன்ஷ்வைக் நகரத்தைச் சேர்ந்த அக்னஸ் பொக்கெல்ஸ் என்னும் மங்கை. அவருடைய தமையனோ தம்பியோ எவராயினும் ஆண்மக்கள் பல்கலைக்கழகம் புகுந்து பயிலலாம்; அவ்வம்மையாரின் உடன்பிறந்த பிறிட்றிச் என்பார் அவ்வாறே பௌதிகம் பயின்றார். பெண்களுக்கோ அக்காலத்தில் அங்கே அக்கதவு திறக்கப்படவில்லை. வீட்டு வேலையையும் நோயுற்ற பெற்றோரின் பராமரிப்பையும் மேற்கொண்டிருந்த அக்னஸ், சமையலறையிலேயே நீர்ப்பரப்பின் இயல்பை ஆராய்ந்தார். நீண்ட தகரத் தட்டொன்றில் விளிம்புவரை நீர் நிரப்பி, அதன் குறுக்கே ஒரு தகரத் துண்டை வைத்து நகர்த்தினார். துண்டு நகர நகர, நீர்மேற் படர்ந்த படலம் நெருங்கவும் விரியவும் செய்யும். நீரைத் தொட்டுநிற்கும் சிறு வட்டொன்றைப் பிரித்தெடுக்க வேண்டும் விசையைத் தராசினால் அளந்து, படலம் நெருங்கும்போது பரப்பிழுவிசை எவ்வாறு மாறுகின்றது என்பதைக் கண்டறிந்தார்.

றேலி பிரபுவின் மனைவியார் அக்கடிதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பிரபு அதனை நேச்சர் இதழுக்கு அனுப்ப, அது அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் வெளிவந்தது. பின்னர் அமெரிக்கரான லாங்மியூர் இம்முறையைச் செப்பஞ்செய்து, மூலக்கூறுகள் ஒற்றை அடுக்காக நிற்பதை 1917 இல் விளக்கினார். மேற்பரப்பு இரசாயன ஆய்வுக்காக 1932 இல் நோபெல் பரிசும் பெற்றார். அதே 1932 இல், எழுபது வயதை எய்திய அக்னஸ் அம்மையாருக்குப் பிறவுன்ஷ்வைக் தொழினுட்பப் பல்கலைக்கழகம் கௌரவக் கலாநிதிப் பட்டம் அளித்தது. வகுப்பறைக்குள் மாணவியாகப் புக இயலாதவர் அமைத்த தட்டின் வழிவந்த கருவிகளே இன்று நனோ ஆய்வுகூடங்களில் மாணவர் கைகளில் விளங்குகின்றன.

பொன்னின் வரலாறும் இத்தகையதே. மைக்கேல் பரடே, 1857 ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்தில் நிகழ்த்திய விரிவுரையில், மாணிக்கம்போற் சிவந்த திரவத்தைப் பற்றி விளக்கினார். அச்செந்நிறம் பொன்னின் மிக நுண்ணிய துகள்களால் உண்டாவது என அவர் உய்த்துணர்ந்தார். கட்டியாக இருக்கும்போது மஞ்சளாகத் தோன்றும் பொன், நனோ அளவிற் சிதறிக்கிடக்கும்போது சிவப்பாகத் தோன்றுகின்றது. 1951 இல் டேர்க்கெவிச் என்பாரும் உடனுழைத்தோரும் ஆராய்ந்து விளக்கிய முறையைக் கொண்டு இன்று இளநிலை மாணவர் இதனைச் செய்கின்றனர். பொன்னுப்பின் கொதிக்கும் கரைசலில் சோடியம் சித்திரேற்றுச் சேர்த்தால், சில நிமிடங்களிற் செந்நிறம் பிறக்கும். அதிற் கறியுப்புக் கரைசலை விட்டால் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு, நிறம் நீலமாக மாறும். பருமன் மாறப் பண்பு மாறும் என்னும் இத்துறையின் முதற்பாடத்தை மாணவன் தன் கண்ணாலேயே கண்டுகொள்கிறான்.

நுண்மையை அளத்தல் ஒன்று. அங்கே கைவைத்து வேலைசெய்தல் மற்றொன்று. பின்னதைப் பற்றி 1959 டிசெம்பர் 29 ஆம் நாள் கலிபோணியாத் தொழினுட்ப நிறுவகத்தில் றிச்சட் பெயின்மன் ஆற்றிய உரை புகழ்பெற்றது. அணுக்களை ஒவ்வொன்றாக அடுக்குவதைத் தடுக்கும் இயற்கை விதி யாதுமில்லை என அவர் வாதித்தார். மிகச் சிறிய எழுத்தை எழுதுவதில் உயர்நிலைப் பள்ளிகள் தம்முட் போட்டியிடலாம் எனவும் அவர் கூறினார் என்பது ஆசிரியர்கள் கருதத்தக்கது. நனோ தொழினுட்பம் என்னும் சொல்லை 1974 இல் யப்பானியப் பேராசிரியர் தனிகுச்சி வழங்கினார். 1981 இல் சுவிற்சர்லாந்தில் ஐபிஎம் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பின்னிக், றோறர் ஆகிய இருவரும் புதுவகை நுணுக்குக்காட்டி ஒன்றை அமைத்து, 1986 இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றனர். மிகக் கூரிய ஊசியொன்று பொருளின் மேற்பரப்பை அணுகிச் செல்ல, இடையே பாயும் நுண்மின்னோட்டத்தைக் கொண்டு மேடுபள்ளத்தை அறிவது அதன் முறை. விழிப்புலன் இழந்தவர் விரலால் எழுத்தை உணர்வதற்கு இதனை ஒப்பிடலாம். 1989 இல் அத்தகைய ஊசியினாலேயே 35 செனன் அணுக்களை நகர்த்தி அந்நிறுவனத்தின் பெயரை எழுதினர்.

2000 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா நனோ ஆய்வுக்கெனத் தேசியத் திட்டமொன்றை அறிவித்தது. அதே காலத்தில் அவுஸ்திரேலியாவின் பிலிண்டர்ஸ் பல்கலைக்கழகம் இத்துறையில் இளநிலைப் பட்டநெறியைத் தொடங்கியது. அப்பொழுது ஒரு விவாதமும் எழுந்தது. பௌதிகம், இரசாயனம், உயிரியல், பொறியியல் ஆகிய நான்கும் கலந்த இதனைத் தனிப் பட்டநெறியாக்குவதா, பழைய பாடங்களினூடே இழையவிடுவதா? தனிநெறி வேண்டுவோர், நான்கு துறைகளையும் இணைத்து நோக்கும் பயிற்சி தொடக்கத்திலேயே வேண்டும் என்பர். மறுப்போர், ஒரு துறையிலேனும் ஆழமில்லாதவன் எதனையும் இணைக்கமாட்டான் என்பர். இருசாராரின் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் எந்நெறியிலும் மாணவன் தானே அளந்தறிந்தானா என்பதே முதன்மையான வினா என எனக்குத் தோன்றுகின்றது. அளந்தறியாத மாணவனுக்கு நனோ என்பது வெறும் சொல்லாகவே நின்றுவிடும்.

எளிய வழிகள் இல்லாமற் போகவில்லை. குளிரூட்டியின் கதவில் ஒட்டும் தட்டைக் காந்தத்திலிருந்து சிறு துண்டை வெட்டி, எஞ்சிய காந்தத்தின்மேல் இழுத்தால், அது துள்ளித்துள்ளிச் செல்லும். கண்ணுக்குத் தெரியாத காந்த வரிகளைக் கை உணரும். ஊசி நுணுக்குக்காட்டியின் தத்துவத்தை இவ்வாறு விளக்கும் முறையை அமெரிக்க ஆசிரியர்கள் 1997 இல் வெளியிட்டனர். அதனிலும் எளியது றேலி பிரபுவின் வழி. தட்டில் நீர் நிரப்பி, நுண்ணிய தூளைத் தூவி, அரை மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒலிவெண்ணெய்த் துளி ஒன்றை இட்டால், தூள் விலகி ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டம் தோன்றும். துளியின் கனவளவை வட்டத்தின் பரப்பினால் வகுத்தால் விடை இரண்டு நனோமீற்றர்.

நமது நாட்டிலும் 2008 ஆம் ஆண்டு இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகம் அமைக்கப்பெற்றது. அத்தகைய ஆய்வுகூடங்களில் நாளை பணிபுரியப் போகும் பிள்ளைகள் இன்று நம் பாடசாலைகளில் அமர்ந்திருக்கின்றனர். உயர்ந்த கருவிகள் வேண்டாவென யான் கூறவில்லை. ஆராய்ச்சிக்கு அவை இன்றியமையாதவை. ஆனால் அவை வந்துசேரும்வரை பாடத்தை ஒத்திவைக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக விரிவுரையாளர் ஆயினும், கிராமப் பாடசாலை ஆசிரியர் ஆயினும், முதல்நாள் வகுப்பில் ஒரு தட்டு நீரும் ஒரு துளி எண்ணெயும் அளவுகோலும் கொண்டு செல்வாராக. வகுத்தலை மாணவரே செய்யட்டும்.