ஹொங்கொங்கும் பதினேழு சுற்றுப் பேச்சும்

ஓராட்சி நீங்கி மற்றோராட்சி வருங்கால் மண்ணைக் கையளித்தல் எளிது. மக்கள் தெரிந்தெடுத்த சபையைக் கையளித்தலே அரிது. ஹொங்கொங்கின் வரலாறு இதற்குச் சான்று.

1984 டிசெம்பர் 19 இல் பிரித்தானியாவும் சீனாவும் கைச்சாத்திட்ட கூட்டுப் பிரகடனத்தின்படி, 1997 யூலை 1 இல் ஹொங்கொங் சீனாவிடம் மீளவேண்டும். அங்குள்ள சட்டநிரூபண சபை தேர்தலால் அமையும் என்றும் அது கூறிற்று. தேர்தல் எத்தகையது என்று கூறவில்லை. 1990 இல் சீனா விதித்த ஏற்பாடு 60 ஆசனங்களைப் பகுத்தது: மக்கள் நேரே தெரிவோர் 20, தொழிற்றுறைத் தொகுதிகளுக்கு 30, தேர்தற் குழுவுக்கு 10. 1995 இல் தெரிவாகும் சபை இவ்விதிகளுக்கு இசைந்திருப்பின், ஆட்சி மாறிய பின்னும் 1999 வரை தொடரலாம். எல்லையில் இறங்கி வண்டி மாறாது செல்லும் புகைவண்டிக்கு ஒப்பிட்டு, இதனை ‘நேர்வண்டி’ என்றனர்.

தொகை வகுக்கப்பட்டது, வாக்காளர் யாவர் என்பது வகுக்கப்படவில்லை. இவ்விடைவெளியிலேதான் பிணக்கு முளைத்தது. 1992 ஒக்டோபரில் தேசாதிபதி கிறிஸ் பற்றன், வாக்களிக்கும் வயதை 21 இலிருந்து 18 ஆகக் குறைக்கவும், ஒன்பது புதிய தொழிற்றுறைத் தொகுதிகளில் ஏறத்தாழ 27 இலட்சம் உழைப்பாளருக்கு வாக்களிக்கவும் முன்மொழிந்தார். முன்னைய இணக்கங்களை இது மீறுகின்றது எனச் சீனா சினந்தது.

1993 ஏப்பிரல் 22 இல் பெய்ஜிங்கில் பேச்சுத் தொடங்கியது. பிரித்தானியத் தூதுவர் ரொபின் மக்லாரனும் சீனத் துணை வெளிநாட்டமைச்சர் ஜியாங் என்சூவும் தலைமை தாங்கினர். ஹொங்கொங் மக்களுக்கெனத் தனி ஆசனம் அங்கு இருக்கவில்லை. வாக்களிக்கும் வயது பற்றி இணக்கம் கிட்டியது. ஆனால் சட்டநிரூபண சபைக்கும் ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்னும் முறையை உடனே ஏற்கச் சீனா மறுத்தது. நவம்பர் 27 இல் பதினேழாவது சுற்றோடு பேச்சு முறிந்தது.

1994 யூன் இறுதியிற் பற்றனின் மசோதா சட்டமாயிற்று. 1995 செப்டெம்பர் 17 இல் தேர்தலும் நடந்தது. ஆயினும் நேர்வண்டி எல்லையைத் தாண்டவில்லை. 1996 டிசெம்பரிலே தெரிவான தற்காலிக சபை, ஆட்சி மாறும் வரை எல்லைக்கப்பால் ஷென்சென் நகரிற் கூடி, 1997 யூலை 1 இல் பழைய சபையின் இடத்தைப் பெற்றது. 1998 தேர்தலிலே தொழிற்றுறைத் தொகுதிகளின் வாக்குரிமையும் மீண்டும் சுருக்கப்பட்டது.

வாக்குரிமையின் விரிவை எழுத்தில் வரையறுக்காது விட்டால், அதற்கு உரை வகுப்பவன் அடுத்து ஆள்பவனே. ஹொங்கொங் மக்கள் இதனை இரண்டாண்டுக்குள் உணர்ந்தனர்.