வாவிக்கரையில் வினாவிடை: கிறித்தவ அடிப்படைக் கோட்பாடுகளும் பொதுமக்கள் தமிழும்

தமிழ் உரைநடையின் வரலாற்றை ஆராயப்புகுவோர் கிறித்தவ மிசனரிமாரைக் குறிப்பிடாது விடுவதில்லை. ஒரு சாரார் அவர்களது தொண்டினைப் போற்றுவர். மற்றொரு சாரார் அவர்களைக் குடியேற்றவாதத்தின் கருவிகளாக மட்டுமே காண்பர். அவர்கள் எழுதிய சிறுநூல்கள் எதனை விளக்க முற்பட்டன என்ற வினாவை இருசாராரும் எழுப்புவதில்லை. நம்மிடையே உள்ள முற்போக்கு வாசகர் பலர் திருச்சபையின் சமூகப் பாத்திரம் பற்றி நீண்டநேரம் விவாதிக்க வல்லவர். ஆயின் அயல்வீட்டுக் கிறித்தவர் எதனை நம்புகிறார் என்று கேட்டால் தயங்குவர். மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை நிலைக்களனாகக் கொண்டு இக்குறையை ஓரளவு நிவர்த்திக்க முயல்வதே நமது நோக்கமாகும்.

போர்த்துக்கேயர் 1628 இல் புளியந்தீவிற் கோட்டை கட்டினர். 1638 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். முன்னவருடன் கத்தோலிக்கமும் பின்னவருடன் சீர்திருத்தச் சபையும் வந்தன. ஆங்கிலேயர் ஆட்சியில், 1814 இல், மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பை அடைந்து பாடசாலை தொடங்கினார். மறு ஆண்டு ஏப்ரலில் இங்கேயே மரணமானார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபைத் துறவியர் இப்பகுதியிற் பணிபுரிய வந்தனர். வயலும் வாவியும் வாழ்வளிக்க, குடிவழி உரிமைகளும் கண்ணகியம்மன் சடங்குகளும் ஊர்களை ஒழுங்குபடுத்த, முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் அடுத்தடுத்து அமைந்த சமூகம் இது. இங்கு சிறுபான்மையினராயிருந்த கிறித்தவர், தம் நம்பிக்கையை அயலவர் அறிந்த சொற்களிலேயே கூறவேண்டியிருந்தது.

அந்நம்பிக்கையின் முதற்கூறு, உலகனைத்தையும் படைத்த கடவுள் ஒருவரே என்பது. அவ்வொருவர் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என மூன்று ஆட்களாயுள்ளார் என்பர். மூன்று கடவுளர் என்பது அதன் பொருளன்று. இக்கருத்தைத் தமிழிற் சொல்ல முயன்றோர் பட்ட இடர் அவர்களது சொற்களிலேயே தெரிகின்றது. 1578 இல் கொல்லத்தில் அச்சான, அன்றிக்கு அடிகளாரின் சிறுநூல் ‘தம்பிரான் வணக்கம்’ என்று பெயர்பெற்றது. சைவருக்குப் பழக்கமான சொல்லே அங்கு கையாளப்பட்டது. பின்னர் கத்தோலிக்கர் சர்வேசுரன் என்றும், புரட்டஸ்தாந்தர் பராபரன், தேவன் என்றும் வழங்கினர். சொல் வேறுபாடு சபை வேறுபாட்டின் அடையாளமுமாயிற்று.

இரண்டாவது கூறு, கடவுளின் மகன் மனிதராய்ப் பிறந்தார் என்பது. அவதாரக் கதைகளில் ஊறிய சமூகத்திற்கு இது புதிதன்று எனத் தோன்றலாம். ஆனால் இப்பிறப்பு ஒருமுறை மட்டுமே நிகழ்ந்தது என்பதும், அவர் மெய்யாகவே துன்புற்று இறந்தார் என்பதும் கிறித்தவத்தின் அழுத்தமான கூற்றுக்கள். விசுவாசப் பிரமாணத்தில் உரோம ஆளுநன் பிலாத்துவின் பெயர் இடம்பெறுவது மனங்கொளத்தக்கது. கடவுளின் மரணம் ஓர் அரசின் தண்டனையாக, நாளும் இடமும் உடைய நிகழ்ச்சியாகக் கூறப்படுகின்றது. வைகாசியில் திருக்குளிர்த்தி காணும் மட்டக்களப்பாருக்குக் குற்றமற்றவன் அரச நீதியாற் கொல்லப்படும் கதை அந்நியமன்று. ஆயின் கண்ணகி மானுடப் பெண்ணாயிருந்து தெய்வமாகிறாள். இயேசு தெய்வமாயிருந்து மனிதராகிறார். ஒரு கதையில் நகர் எரிகின்றது. மற்றதிற் கொன்றவர்க்கு மன்னிப்பு வேண்டப்படுகின்றது. மூன்றாம் நாள் உயிர்த்தெழுதல் அம்மரணத்தின் முடிவை மாற்றுகின்றது. உயிர்த்த ஞாயிறு கிறித்தவரின் தலையாய திருநாளாயிருப்பது இதனாலேயே.

மூன்றாவது கூறு பாவமும் மீட்பும். பாவம் என்ற சொல் நம் வழக்கில் வினைப்பயனுடன் இணைந்தது. செய்தவன் அனுபவித்துத் தீர்க்கவேண்டியது. கிறித்தவர் கருத்தில் அது கடவுளோடுள்ள உறவின் முறிவு, மனிதர் தம் முயற்சியால் மட்டும் அதனைச் சீர்செய்ய இயலாது, அருளே மீட்கின்றது. அருள் என்ற சொல்லைச் சைவமும் நன்கறியும்; உரையாடலுக்கான பாலம் இங்குள்ளது. அவ்வருள் மனிதரை அடையும் வழிபற்றியே சபைகள் வேறுபடுகின்றன. கத்தோலிக்கர் ஏழு அருட்சாதனங்களைக் கொள்வர். மெதடிஸ்தர் திருமுழுக்கையும் இராப்போசனத்தையுமே கொள்வர். அருள் எல்லார்க்கும் உரியது, சிலரை மட்டும் முன்கூட்டியே தெரிந்தெடுத்து வழங்கப்படுவதன்று என்பது ஜோன் வெஸ்லியின் வலியுறுத்தல்.

இவற்றைப் பரப்பிய வடிவம் வினாவிடை. சிறுவரும் எழுதப்படிக்க அறியாதோரும் செவிவழி மனனஞ் செய்யத்தக்க சிறுவாக்கியங்கள் அதற்கு வேண்டியிருந்தன. புலவர்க்கன்றிப் பொதுமக்களுக்கென எழுந்த உரைநடையின் ஊற்றுக்களுள் இதுவும் ஒன்று. ஆறுமுகநாவலர் அதே வடிவத்தைச் ‘சைவ வினாவிடை’யிற் கையாண்டு மிசனரிமாருக்கு எதிராகவே திருப்பினார். காரைதீவிற் பிறந்த விபுலானந்தர் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றவர். பின்னர் இராமகிருஷ்ண மிசனில் துறவியாகி இந்துப் பாடசாலைகளை வளர்த்தார். கருவியைக் கொடுத்தவர் அதன் பயனைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க இயலாது என்பதற்கு இவை சான்று.

முரண்பாடுகளை நாம் மறைக்கத் தேவையில்லை. ஒல்லாந்தர் ஆட்சியில் ஞானஸ்நானம் பதவியோடும் சலுகையோடும் பிணைந்திருந்தது. எல்லாரும் ஒரே தந்தையின் பிள்ளைகள் என்று போதித்த சபைகளுள்ளும் சாதி முற்றாக ஒழியவில்லை. எனினும் கோட்பாடு நிறுவனத்தின் நலனுக்குள் முழுமையாக அடங்கிவிடுவதுமில்லை. 1844 இல் மார்க்ஸ் எழுதியதிலிருந்து அபினி உவமையை மட்டும் நம்மவர் நினைவிற் கொண்டனர். மதத்திற் காணும் துயரம் மெய்யான துயரின் வெளிப்பாடும் அதற்கெதிரான முறைப்பாடுமாகும் என்று அவர் அவ்விடத்திலேயே கூறியதை மறந்தனர். ஆதிக் கிறித்தவம் ஒடுக்கப்பட்டோரின் இயக்கமாகத் தோன்றியதென எங்கெல்ஸ் 1894 இல் விளக்கினார்.

மட்டக்களப்பின் அண்மைய வரலாறு இதனை வேறு வகையில் உணர்த்துகின்றது. பிரசைகள் குழுவின் தலைவராயிருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6 இற் கொல்லப்பட்டார். புனித மிக்கேல் கல்லூரியில் மாணவர்க்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றிய அமெரிக்க இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபர்ட் 1990 ஆகஸ்ட் 15 இற் காணாமற்போனார். ‘அயலானை நேசித்தல்’ என்ற வினாவிற்கான விடை ஏட்டில் மட்டும் இருக்கவில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இறந்தோருட் பலர் சிறுவர். சற்று முன்னரே ஞாயிறு வகுப்பை முடித்திருந்தோர். அதன்பின் வந்த மாதங்களில், குற்றத்தோடு தொடர்பற்ற முஸ்லிம் அயலவர் மீதும் ஐயம் படர்ந்தது. அயலவரின் நம்பிக்கையை அறியாமை எத்தகைய வெற்றிடம் என்பதையும், அதனை எவர் நிரப்புவர் என்பதையும் அந்நாள்கள் காட்டின. பிறர் மதத்தை ஏற்பது வேறு, அறிவது வேறு. ஏற்காதோரும் அறிதல் வேண்டும் என்பதே நமது துணிபு. வாவியின் கரைகளில் அருகருகே வாழும் மூன்று சமயத்தவரின் நம்பிக்கைகளையும் எளிய தமிழில், மதமாற்ற நோக்கமோ இகழ்ச்சியோ இன்றி எடுத்துரைக்கும் நூல்கள் நமக்குத் தேவை. மிசனரிமாரும் நாவலரும் தத்தம் தேவைக்கு ஆக்கிய அவ்வுரைநடையை இப்பணிக்குப் பயன்படுத்துவது நம் தலைமுறையின் கடமையாகும்.