மின்கிட்டாரைக் கணினியுடன் இணைத்தல்

மின்கிட்டாரின் பிக்கப்பில் உண்டாகும் சிக்னலை எண்களாக மாற்றிக் கணினிக்குள் செலுத்தி, மென்பொருள் ஆம்ப் வழியாகக் கேட்டும் பதிவுசெய்தும் பழகும் முறை இது. தனி ஆம்பும் ஸ்பீக்கரும் இல்லாமல் ஹெட்ஃபோனிலேயே முழு ஒலியும் கிடைப்பதால், அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு தராமல் எந்நேரமும் பயிலலாம். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியை ஒட்டிய மணிமங்கலம் போன்ற ஊர்களில் இது கூடுதலாகப் பொருந்தும். இரவு ஷிப்டு முடித்தவர் பகலில் உறங்குவதும், ஓர் அறையைப் பலர் பகிர்வதும் இங்கே வழக்கம்.

இணைப்பு நன்றாக அமைவது இரண்டு காரணிகளைப் பொறுத்தது: கிட்டாருக்கு ஏற்ற உள்ளீடு, விரலுக்கும் காதுக்கும் இடையே குறைந்த தாமதம். கருவியின் விலையும் மென்பொருளின் பெயரும் இவற்றுக்கு அடுத்தபடிதான்.

வரலாறு

வெற்றிகரமாக விற்பனைக்கு வந்த முதல் மின்கிட்டார், ஜார்ஜ் போஷாம்ப் வடிவமைத்து 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரிக்கன்பேக்கர் நிறுவனம் வெளியிட்ட 'ஃப்ரையிங் பேன்'. கட்டை உடல் கொண்ட ஃபெண்டர் கிட்டார்கள் 1950இலும் கிப்சன் லெஸ் பால் 1952இலும் வந்தன. ஆம்பின் ஒலியைக் கணக்கீட்டால் உருவாக்கும் கருவிகள் 1990களின் பிற்பகுதியில் பரவின. லைன் 6 நிறுவனத்தின் 'பாட்' (1998) அவற்றில் பெயர்பெற்றது. அதே வேலையைக் கணினிக்குள் செய்யும் ஆம்ப்ளிட்யூப் 2002இலும் கிட்டார் ரிக் 2004இலும் வெளியாயின. யுபிசாஃப்டின் 'ராக்ஸ்மித்' (2011), உண்மையான கிட்டாரை யூஎஸ்பி கேபிளில் செருகி விளையாட்டாகக் கற்கும் முறையைப் பரவலாக்கியது.

பிக்கப்பும் உள்ளீடும்

காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருளே பிக்கப். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறி, சுருளில் சிறு மின்னழுத்தம் தோன்றுகிறது. மெதுவாக மீட்டினால் சில பத்து மில்லிவோல்ட்டும், ஓங்கி அடித்தால் ஒரு வோல்ட் அளவும் வரும்.

சுருள் நீளமானது என்பதால் அதன் மின்மறுப்பும் (இம்பிடன்ஸ்) அதிகம். அதிர்வெண் கூடக்கூட அது மேலும் உயரும். எனவே பெறும் பக்கத்தின் மின்மறுப்பு பல மடங்கு பெரிதாக, ஏறத்தாழ 1 மெகாஓம் அளவில் இருக்க வேண்டும். மடிக்கணினியின் மைக் துளையில் இது சில கிலோஓம் மட்டுமே. அங்கே நேராகச் செருகினால் உயர் சுருதிகள் தேய்ந்து, ஒலி மங்கி, போர்வைக்குள் இருந்து வருவதுபோல் கேட்கும். தவிர, அத்துளை மைக்குக்காகச் சிறு நேர்மின்னழுத்தம் வழங்குவது. கிட்டாருக்கு அது வேண்டியதில்லை. கிட்டார் கேபிளின் முனை 6.35 மி.மீ.; மடிக்கணினியின் துளை 3.5 மி.மீ. அடாப்டர் போட்டால் அளவு பொருந்தும், மின்மறுப்பு பொருந்தாது.

இணைக்கும் வழிகள்

*ஆடியோ இன்டர்ஃபேஸ்:* கிட்டார், மைக் இரண்டையும் ஏற்று யூஎஸ்பி வழியாகக் கணினியோடு பேசும் சிறு பெட்டி. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட், ஸ்டைன்பெர்க் யூஆர் வரிசைகள் பலரும் அறிந்தவை. பல மாடல்களில் 'இன்ஸ்ட்' எனக் குறித்த பொத்தானை அழுத்தினால் உள்ளீடு கிட்டாருக்கு ஏற்றதாக மாறும். அழுத்தத் தவறுவதே மங்கிய ஒலிக்கு அடிக்கடி காரணமாகிறது.

*யூஎஸ்பி கிட்டார் கேபிள்:* ஒரு முனையில் கிட்டார் பிளக், மறுமுனையில் யூஎஸ்பி. நடுவில் சிறிய மாற்றி. எளியது, மலிவானது. ஆனால் பெரும்பாலானவற்றில் ஹெட்ஃபோன் துளை இல்லை. ஒலி கணினியின் துளை வழியே திரும்புவதால் தாமதம் கூடலாம்.

*யூஎஸ்பி உள்ள ஆம்ப் அல்லது எஃபெக்ட்ஸ் பெடல்:* இன்டர்ஃபேஸின் வேலையையும் அதுவே செய்துவிடும்.

வழக்கமான ஆம்பின் ஸ்பீக்கர் வெளியீட்டை மட்டும் கணினியில் ஒருபோதும் இணைக்கக் கூடாது. அதன் மின்திறன் கணினியின் உள்ளீட்டைக் கருக்கிவிடும். வால்வு ஆம்பாக இருந்தால் ஸ்பீக்கர் இல்லாமல் ஓடி ஆம்பும் பழுதாகலாம்.

அளவும் தாமதமும்

பழகுவதற்கு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகம் தாராளமாகப் போதும். இந்த அளவில் ஒற்றைத் தடப் பதிவு நிமிடத்துக்குச் சுமார் 8.6 மெகாபைட் இடம் பிடிக்கும். உள்ளீட்டின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கெய்ன் திருகியை, ஓங்கி மீட்டும்போதும் சிவப்பு விளக்கு எரியாதபடி, உச்சியிலிருந்து 10 டெசிபெல் அளவு கீழே நிறுத்துவது நல்லது.

கணினி ஒலியைத் துளித்துளியாக அல்ல, கட்டுக்கட்டாகக் கையாளுகிறது. கட்டின் அளவுக்கு பஃபர் என்று பெயர். 48 கிலோஹெர்ட்ஸில் 128 மாதிரிகள் கொண்ட பஃபர் 2.7 மில்லிவிநாடி, உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை எனக் கூட்டினால் 5.3. மாற்றிகளும் யூஎஸ்பியும் இதனுடன் இன்னும் சிறிது சேர்க்கும். பஃபரை 1024 ஆக்கினால் போய்வர மட்டும் 43 மில்லிவிநாடி ஆகும். மீட்டிய பிறகு ஒலி வருவது அப்பட்டமாகத் தெரியும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்கச் சுமார் 3 மில்லிவிநாடி ஆவதால், 10 மில்லிவிநாடித் தாமதம் என்பது மூன்றரை மீட்டர் தள்ளி வைத்த ஆம்பைக் கேட்பதற்குச் சமம். அதற்குள் இருந்தால் தாளம் பிசகாது.

விண்டோஸில் இந்தக் குறைந்த தாமதத்துக்கு ஸ்டைன்பெர்க் வகுத்த ஏசியோ டிரைவர் வேண்டும். இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளர் தரும் டிரைவரே முதல் தேர்வு. மேக்கில் கோர் ஆடியோ உள்ளமைந்தது. லினக்ஸில் ஜாக், பைப்வயர் உள்ளன. புளூடூத் ஹெட்ஃபோன் பொதுவாக 100 மில்லிவிநாடிக்கு மேல் தாமதிப்பதால் பாட்டுக் கேட்க உதவும், வாசிக்க உதவாது.

மென்பொருள்

ஆம்ப் மென்பொருள் இரு பகுதிகளால் ஆனது: சிக்னலைப் பெருக்கி முறுக்கும் ஆம்ப், அதை வடிகட்டும் ஸ்பீக்கர் பெட்டி. இரண்டாவதை அணைத்துவிட்டால் ஒலி தேனீக் கூட்டம்போல் கரகரக்கும். லினக்ஸுக்கான கிட்டாரிக்ஸ், ஆப்பிளின் கராஜ்பேண்ட், திறமூலமான நியூரல் ஆம்ப் மாடலர் ஆகியவை காசின்றிக் கிடைக்கின்றன. பதிவுக்கு ஆர்டர், ரீப்பர் முதலியவையும், ஸ்வரத் தாள்களுக்கு மியூஸ்ஸ்கோர், டக்ஸ்கிட்டார் ஆகியவையும் உண்டு. ஒருமுறை நிறுவிவிட்டால் இவற்றில் பெரும்பாலானவை இணையம் இல்லாமலே இயங்கும்.

பயிற்சியில் பயன்

பாடலின் வேகத்தைச் சுருதி மாறாமல் பாதியாக்குவது, நான்கு தாளச் சுற்றை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிடுவது, மெட்ரோனோமுடன் வாசித்துப் பதிவின் அலைவடிவில் எந்த அடி முந்தியது, எந்த அடி பிந்தியது என்று பார்ப்பது: கணினியின் பெரும்பயன் இவற்றில்தான். வாசிக்கும்போது காது விட்டுவிடும் பிழையைப் பதிவு காட்டிக்கொடுக்கும்.

மதிப்பெண் தரும் செயலிகளுக்கு வரம்பு உண்டு. கிட்டாரின் கனத்த தந்தி 82.4 ஹெர்ட்ஸில் அதிர்கிறது; ஓர் அதிர்வு முடியவே 12 மில்லிவிநாடி ஆகும். சுருதியை இனங்காண ஒன்றிரண்டு அதிர்வுகளாவது தேவை என்பதால் கீழ்ச் சுரங்களைச் செயலி பிந்தியே அறியும். விரல் நிலை, மணிக்கட்டின் இறுக்கம் போன்றவை அதற்குத் தெரியவே தெரியா. அங்கே ஆசிரியரின் கண் வேண்டும். டிரினிட்டி காலேஜ் லண்டனின் ராக் அண்ட் பாப் தேர்வில் பின்னணித் தடத்துடன் வாசிக்கலாம் என்பதால், அதற்குத் தயாராகும் மாணவர்களுக்குக் கணினி இணைப்பு நேரடியாகக் கைகொடுக்கும்.

கர்நாடக இசையில்

சுகுமார் பிரசாத்தும், ஐஐடி மெட்ராஸில் படித்து பாஸ்டனின் பெர்க்லீ இசைக் கல்லூரிக்குச் சென்ற ஆர். பிரசன்னாவும் மின்கிட்டாரில் கர்நாடக இசையை மேடையேற்றியவர்கள். செய்யூர் அருகே 2010இல் தொடங்கிய சுவர்ணபூமி இசைக் கழகத்தின் நிறுவனரும் பிரசன்னாவே. மின் மாண்டலினில் யூ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) இதே பாதையில் புகழ்பெற்றார்.

இவ்வகைப் பயிற்சிக்கு மேற்கத்தியச் செயலிகள் அப்படியே பொருந்தா. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அதன் கமகத்தைச் செயலி தவறான சுரம் என்றே கணக்கிடும். சுருதியைத் தொடர்கோடாக வரையும் சோனிக் விஷுவலைசர் போன்ற மென்பொருள் இங்கு ஏற்றது. தந்தியை இழுத்து வாசித்த கமகத்தை, வித்வானின் பதிவிலிருந்து எடுத்த கோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தம்புராத் தடத்தை ஹெட்ஃபோனில் ஓடவிடும்போது இன்னொன்றும் புலப்படும். கிட்டாரின் ஃப்ரெட்டுகள் சம இடைவெளிச் சுருதியில் பதிந்தவை. அதில் அந்தர காந்தாரம், தம்புராவில் இயல்பாக எழும் காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் (சுருதியின் நுண்ணளவு) கூடுதல்.

இரைச்சலும் பாதுகாப்பும்

இந்திய மின்வழங்கல் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒற்றைச் சுருள் பிக்கப் இதன் 'ம்ம்' ஒலியை எளிதில் பிடித்துக்கொள்ளும். கிப்சனின் சேத் லவர் 1955இல் உருவாக்கிய ஹம்பக்கர், எதிரெதிராகச் சுற்றிய இரு சுருள்களால் அதை அடக்குகிறது. மின்விசிறியின் சுழல் ரெகுலேட்டர், தரங்குறைந்த எல்ஈடி அடாப்டர், சதுர அலை இன்வெர்ட்டர் ஆகியவை தனிவகை இரைச்சலைக் கிளப்பும். கிட்டாரோடு சற்றே திரும்பி உட்கார்ந்தாலே பாதி குறையும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பார்த்து இரைச்சல் நின்றால், குறை சார்ஜரிலோ எர்த்திலோ இருக்கிறது.

கிட்டாரின் தந்திகள், கேபிளின் உறை வழியாக இன்டர்ஃபேஸின் உலோகப் பகுதியோடும் கணினியோடும் தொடர்புள்ளவை. ஆகவே எர்த் சரியில்லாத வாடகை அறையில் தந்தியைத் தொட்டால் விரல் சுருசுருக்கலாம். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டியோ, இரண்டு முள் அடாப்டர் போட்டோ இரைச்சலைப் போக்க முயல்வது ஆபத்து. எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிப்பதே சரி.

சாதனங்களைத் தேர்தல்

கைவசமுள்ள கணினி, 1 மெகாஓம் உள்ளீடு கொண்ட அடிப்படை இன்டர்ஃபேஸ், கம்பியுள்ள ஹெட்ஃபோன், கிட்டார் கேபிள் ஆகிய நான்கும் தொடக்கத்துக்குப் போதும். சாதாரணப் பயிற்சிக்குச் சக்திவாய்ந்த கணினி தேவையில்லை. பஃபர் 128இல் ஒலி வெடிக்கிறது என்றால் 256க்கு உயர்த்தினால் பழைய மடிக்கணினியும் ஈடுகொடுக்கும். சென்னையைச் சுற்றிய ஈரக் காற்றில் எஃகுத் தந்தி விரைவில் துருவேறும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் தந்தியின் ஆயுள் நீளும்.